இத்தா வீட்டு மட்டி

கிண்ணியாவுக்குப் பாலம் வருவதற்கு முன்பு, ஆட்களையும் வாகனங்களையும் கரைக்குக் கரை ஏற்றிப்போன தட்டைப் படகைப் பாதை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பஸ் ஏறும், லொறி ஏறும், ஆடு ஏறும். மாப்பிள்ளை ஏறுவார், பேறுகாலப் பெண்ணும் ஏறுவாள். நடுத் தண்ணீரில் காற்று அடித்தால் பெண்கள் முந்தானையைப் பல்லால் கடித்துக்கொண்டு ஸலவாத்துச் சொல்வார்கள். அந்தப் பாதையில் பலகை இறக்குகிறவராக இருந்தவர் ஸெய்னுதீன். படகு கரையில் முட்டியதும் முண்டியடிக்கிற ஆட்களைப் பார்த்து, "மெல்ல, மெல்ல. கரை எங்கேயும் போகாது" என்பார். பாலம் திறந்து இத்தனை வருசம் போன பிறகும், சந்தையில் அவரைக் கண்டவர்கள் அதே வார்த்தையை அவருக்கே சொல்லிச் சிரிப்பார்கள்.

இந்த வருசம் கச்சான் என்கிற வெப்பமான மேல்காற்றுத் தொடங்குவதற்கு முன், ஒரு காலையில் சுபஹுத் தொழுதுவிட்டு வந்தார். மனைவி கொடுத்த தேத்தண்ணியைக் கையில் வாங்கியவர், கதிரையில் சாய்ந்தபடியே மௌத்தாகிவிட்டார். கோப்பையில் இருந்து ஒரு சொட்டும் சிந்தவில்லை என்று மையத்து வீட்டுக்கு வந்தவர்கள் நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மனைவி சித்தி பரீதா இத்தா இருந்தாள். கணவனை இழந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கும் காலம் அது. பிள்ளைகள் இல்லை. அவளை ராத்தா என்று கூப்பிடும் தம்பி ஸஜ்ஜாத்தும் அவனுடைய மனைவி சுஹைராவும் அடுத்த வளவில் இருந்தார்கள். சுஹைராவின் குசினியில் அவிந்த பிட்டு, ஆவி அடங்குமுன் வேலி தாண்டிப் போய்விடும். பகல் முழுக்கச் சித்தி பரீதா குர்ஆன் ஓதுவாள். ஓதாத நேரம் குடாக்கடலைப் பார்த்த ஜன்னலோரம் இருந்து முழங்காலுக்கு எண்ணெய் தேய்ப்பாள்.

அந்த முழங்கால், சேற்றுச் சிப்பியான மட்டியைப் பொறுக்கியே தேய்ந்தது. தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து ஒழுங்கைத் தெருப் பெண்கள் கூட்டமாக இறங்குவார்கள். இடுப்பில் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையில் பிளாஸ்டிக் பேசினை மிதக்கவிட்டு, சேற்றைக் காலால் துழாவிக்கொண்டே நடப்பார்கள். பாதத்துக்கு மட்டி தட்டுப்பட்டால் குனிந்து எடுத்துப் பேசினில் போடுவார்கள். கரைக்கு வந்ததும் வெட்டிய தகர பீப்பாயில் அவித்து, கோதுகளை உதறி, சதையைக் கழுவி விற்பார்கள். வெயில் முதுகைச் சுடும், உப்புத் தண்ணீர் விரலிடுக்குகளைப் பிளக்கும். ஆனாலும் அந்தத் தண்ணீருக்குள் நடக்கும் கதைகளும் பகிடிகளும் வேறெங்கும் நடக்கா. மருமகள்மாரைப் பற்றிய உண்மைகள் எல்லாம் அங்கேதான் வெளிவரும்.

அந்த ஒழுங்கையில் ஒரு பழக்கம் இருந்தது. யாராவது இத்தாவில் இருந்தால், கரைக்குத் திரும்பும் ஒவ்வொருத்தியும் தன் பேசினில் இருந்து ஒரு கை சின்ன மட்டியை அந்த வீட்டுக்கு முன்னால் இருக்கிற ஆழமில்லாத தண்ணீரில் போட்டுவிட்டுப் போவாள். மட்டி சேற்றுக்குள் புதைந்து வளரும். மாதக்கணக்காய் உட்கார்ந்து கால் இறுகிப்போனவள், இத்தா முடிந்து முதல் நாள் வெளியே வரும்போது தூரம் நடக்கத் தேவையில்லை. வாசலடியிலேயே அவளுக்கு உழைப்பு இருக்கும். யார் தொடங்கிய பழக்கம் என்று தெரியாது. இதை அந்த வீட்டுக்காரிக்குச் சொல்லக் கூடாது. போட்டவர்களும் தங்களுக்குள் கதைக்கக் கூடாது. சொன்னால் அது தர்மம் ஆகிவிடும். சொல்லாவிட்டால் கடல் கொடுத்ததாய் இருக்கும்.

சித்தி பரீதா வீட்டுக்கு முன்னாலும் அப்படித்தான் போட்டார்கள். அங்கே சேற்றில் ஒரு வெள்ளைத் தடி நின்றது. அலுத்துக் களைத்து வருகிறவர்களின் கண்ணுக்கு அது நல்ல அடையாளமாக இருந்ததால், எல்லோரும் அதன் அடியிலேயே போட்டார்கள்.

அந்தத் தடி ஒரு திட்டத்துடையது. மூன்று வருசத்துக்கு முன், சுற்றுலாப் படகுகளுக்காக அங்கே ஒரு ஜெட்டியும், மீனுக்கு ஐஸ் அறையும் கட்டினார்கள். ஸஜ்ஜாத்துக்கும் ஐஸ் அறையில் வேலை கிடைத்தது. கட்ட முன்பே குடாவில் என்னென்ன உயிர் இருக்கிறது என்று அளந்து வைத்தார்கள். சேற்றில் மட்டி, நண்டு, புழு. தண்ணீருக்கடியில் புல். கரையில் உள்ளானும் கொக்கும். ஐந்து இடத்தில் தடி நட்டு, ஒவ்வொரு கச்சானுக்கும் அதே தடியடியில் அளந்து பார்ப்பார்கள். இந்த முறை அளக்கும்போது உயிர்கள் குறையாமல் இருந்தால், திட்டத்தின் இரண்டாம் பகுதியாக மட்டி அவிக்கிற பெண்களுக்குக் கூரையும் குழாய்த் தண்ணீரும் உள்ள ஒரு மண்டபம் கட்டித் தருவார்கள். குறைந்திருந்தால் மண்டபம் இல்லை. ஜெட்டியைச் சுற்றின சேற்றில் அடுத்த கச்சான் வரை யாரும் இறங்கவும் கூடாது.

மகளிர் சங்கத் தலைவி றஹ்மா, கட்டாத மண்டபத்தில் யார் யார் எங்கே இருப்பது என்று பங்கிட்டே விட்டாள். குழாயடியில் இருந்து மட்டி கழுவ உயரமான ஸ்டூல் சித்தி பரீதாவுக்கு. தண்ணீருக்குள் தூரம் நடக்க ஏலாத முழங்காலோடு, இத்தா முடிந்து வரும் பெண்ணுக்கு அந்த ஸ்டூலை விட்டால் வேறு வழி இல்லை. தம்பி சோறு தருவான்தான். ஆனால் சித்தி பரீதா யாருடைய சோற்றையும் நெடுநாள் தின்கிறவள் அல்ல என்பது சுஹைராவுக்குத் தெரியும்.

அளக்க வந்தவள் லக்சாயினி, சல்லி என்கிற ஊரைச் சேர்ந்த கடற்கரைக் குடும்பத்துப் பிள்ளை. படித்துவிட்டு வந்து சேற்றில் நிற்கிறாள் என்று அவளுடைய அம்மாவுக்கே மனக்குறையாம். கச்சான் முகத்தில் அனலாய் அடிக்க, இரும்புச் சட்டத்தைத் தடியடியில் வைத்து, அதற்குள் இருந்த சேற்றை அள்ளி அரிதட்டுச் சல்லடையில் கழுவி, அகப்பட்ட ஒவ்வொன்றையும் எண்ணிப் போனில் பதிந்துவிட்டு, திரும்ப அதே இடத்தில் விட்டாள். சுஹைரா அவளுக்கு அரிதட்டுப் பிடித்தாள். றஹ்மா கரையில் நின்று, சேற்றுக்குள் தங்கம் கிடந்தால் சங்கத்துக்கும் பங்கு வேண்டும் என்று பகிடி விட்டாள்.

முதல் நாலு தடியிலும் லக்சாயினியின் முகம் சுருங்கிக்கொண்டே போனது. ஜெட்டிக்குக் கிட்ட இருந்த சேறு கறுத்து மணத்தது. கடைசியாகச் சித்தி பரீதா வீட்டு முன் தடிக்கு வந்தார்கள். அரிதட்டுக் கொள்ளாமல் மட்டி வந்தது.

"இந்த இடத்தில ஒருத்தரும் பொறுக்கிறேல்லையோ அக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல மிஸ். அதுல நாங்க ஒருத்தரும் எடுக்கிறல்ல" என்றாள் சுஹைரா.

அது உண்மைதான். கரையில் நின்றவர்களும் ஓம் என்று தலையாட்டினார்கள். ஒவ்வொருத்திக்கும் தான் போட்ட ஒரு கை மட்டிதான் நினைவில் இருந்தது. கதைக்காத விசயம் என்பதால், எல்லோருடைய கையும் சேர்ந்தால் எவ்வளவு வரும் என்று யாரும் யோசித்ததே இல்லை.

அளந்து முடிந்ததும் சித்தி பரீதா, பெண்பிள்ளைதானே, உள்ளே வரச் சொல் என்று லக்சாயினியைக் கூப்பிட்டனுப்பினாள். அவளுக்கும் கூட வந்த சுஹைராவுக்கும் பிட்டும், தேங்காய்ப்பூவும் பச்சை மிளகாயும் போட்ட மட்டிச் சுண்டலும் வைத்தாள். பிள்ளை பசியோடு சாப்பிட்டது. சுவரோரம் கிடந்த நீளப் பலகையைக் கண்டு அது என்ன என்று கேட்டது. பாதையைக் கழித்துவிட்டபோது ஸெய்னுதீன் கேட்டு வாங்கி வந்த பலகை என்று சித்தி பரீதா சொன்னாள்.

லக்சாயினி கையில் இருந்த பிட்டை மறந்து அந்தப் பலகையைப் பார்த்தாள். சின்ன வயதில் வெருகல் முருகன் கோயில் திருவிழாவுக்கு அப்பாவோடு அந்தப் பாதையில் போயிருக்கிறாளாம்.

"ஒரு ஐயா பலகை இறக்குறவர். நான் பயந்து அழுதனான். என்னைத் தூக்கிக் கரையில விட்டிட்டு, கரை எங்கேயும் போகாது பிள்ளை எண்டு சொன்னவர்."

சித்தி பரீதா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவர்தான் மகள். எல்லாருக்கும் அதத்தான் சொல்லுவார். வீட்டுலயும் அதத்தான் சொல்லுவார், சோறு நேரம் பிந்தினா" என்றாள். மூவரும் சிரித்தார்கள்.

சந்தோசமான அந்த நேரத்தில்தான் லக்சாயினி நல்ல செய்தியையும் சொன்னாள். நாலு தடியில் குறைவுதான், ஆனால் இந்த வாசல் தடி எல்லாவற்றையும் தூக்கிவிட்டது, கூட்டிப் பார்த்தால் முந்தியதைவிட அதிகம், ஆள் இறங்காமல் விட்ட சேறு எவ்வளவு பெருகும் என்பதற்கு இது நல்ல சாட்சி, மண்டபம் கிடைத்துவிடும். எடுத்த தேத்தண்ணிக் கோப்பையைச் சித்தி பரீதா கீழே வைத்தாள். அவள் சுஹைராவைப் பார்த்தாள்.

அப்போதுதான் சுஹைராவுக்கு விளங்கியது. லக்சாயினி எண்ணியது அவர்கள் போட்ட மட்டியை.

அஸர்த் தொழுகைக்குப் பிறகு ஸஜ்ஜாத் ஐஸ் மணத்தோடு வந்தான். அவனுக்குச் செய்தி முன்பே எட்டியிருந்தது. ராத்தாவின் ஸ்டூலுக்கு மெத்தை தைக்க வேண்டும் என்று சிரித்தபடி வந்தவனிடம், சுஹைரா விசயத்தைச் சொன்னாள். அவன் முகம் கழுவுவதை நிறுத்தினான்.

"நீ வாயத் துறக்காம இரு."

"அது பெருகல்ல. நாங்க கொண்டுவந்து போட்ட."

"போட்டது மட்டிதானே, கல்லில்லயே? அல்லாஹ்ட கடல்ல அல்லாஹ்ட மட்டி. எங்க கிடந்தா அவனுக்கென்ன?"

"மத்த நாலு தடியிலயும் குறஞ்சிரிக்கி. நான்தான் அரிதட்டுப் புடிச்ச. ஜெட்டியடிச் சேறு செத்துப் போய்க் கிடக்கு. நல்லா இரிக்கி எண்டு எழுதினா அங்கால இன்னொரு ஜெட்டி கட்டுவாங்க. புறகு ராத்தா ஸ்டூல்ல ஏறி இருந்து என்னத்தக் கழுவுற? வெறுங்கோதயா?"

"ராத்தாட முழங்கால நீ பாக்கல்லயா?"

"நான்தானே எண்ண தேய்ச்சி விடுறன்" என்றாள் சுஹைரா.

அவன் துவாயை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய்விட்டான். கோபத்தில் செருப்பை மாற்றிப் போட்டிருந்தான்.

மஃரிப் தொழுததும் சுஹைரா வேலி தாண்டிப் போனாள். இரண்டு காரியம் அவள் நெஞ்சில் இருந்தது. உண்மையைச் சொன்னால் மதினியின் ஸ்டூல் போய்விடும். அதைவிட, இத்தனை நாளும் ஊர்ப் பெண்கள் மதினி வாசலில் மட்டி போட்டது வெளியே வந்துவிடும். வாய் விட்டுச் சொல்லாத மரியாதை அது. மதினியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் லக்சாயினியிடம் போக வேண்டும் என்று நினைத்தாள்.

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் அவள் எண்ணெய்ப் போத்தலை எடுத்து மதினியின் காலடியில் இருந்தாள். சித்தி பரீதாவே தொடங்கினாள்.

"நான் ஜன்னலால பாத்துக்கிட்டுத்தான் இருந்தன் புள்ள."

சுஹைரா நிமிர்ந்தாள்.

"அசனா வயித்துப் புள்ளயோட குனிய ஏலாமக் குனிஞ்சி போடுவாள். றஹ்மா போட்டாச் சத்தம் கேக்கும். தர்மம் செய்யிறதயும் சண்ட புடிக்கிற மாதிரித்தான் செய்வாள். நீ போடக்குள்ள மட்டும் ஒருக்கா ஜன்னலப் பாப்பாய். நான் தலைய உள்ளுக்கு எடுத்திருவன்."

"தெரிஞ்சும் ஒண்டும் சொல்லல்லயே மதினி."

"சொல்லாதது உங்கட மரியாத. தெரியாத மாதிரி இருந்தது என்ட மரியாத. வெளிய போக ஏலாம இருந்த இத்தன நாளும், அந்த மட்டி விழுற சத்தம்தான் எனக்குத் துணை."

பிறகு அவள் சுவரோரப் பலகையைப் பார்த்துக்கொண்டு ஒரு பழைய கதை சொன்னாள். பாதையின் பக்கத்தில் வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு கீறி இருக்கும். தண்ணீர் கோட்டைத் தொட்டால் அதற்கு மேல் ஆள் ஏற்ற மாட்டார்கள். அவசரமாய் மூடை கடத்த வேண்டிய வியாபாரி ஒருவர், யாரும் பார்க்காத நேரம் அந்தக் கோட்டைச் சுரண்டிவிட்டு ஒரு சாண் மேலே கீறி வைத்தார். ஸெய்னுதீன் கண்டுகொண்டார். அன்றைக்கு நெடுநேரம் பாதை ஓடவில்லை. கோடு பழைய இடத்துக்கு வந்த பிறகுதான் பலகையை இறக்கினார். அந்தப் பக்கம் நின்றவர்களில் அவருடைய சொந்தத் தங்கச்சியின் கலியாணக் கூட்டமும் இருந்தது.

"கோட்ட மேல கீறினாத் தண்ணி கீழ போகுமா எண்டு கேட்டாராம். அந்தக் கலியாண வீட்டுல எங்களுக்கு ஆறின புரியாணிதான்" என்று சித்தி பரீதா சிரித்தாள். "போய்ச் சொல்லு. இத்தா வீட்டுக்காகப் போட்டதெண்டு என்ட பேரையே சொல்லு. அந்தப் புள்ள அவர்ட கையால கர இறங்கின புள்ள. அதுக்குப் பொய்க் கணக்குக் குடுத்து அனுப்ப ஏலாது."

மறுநாள் காலை, கரைப் பறவைகளை எண்ண வந்த லக்சாயினியிடம் ஜெட்டியடியில் வைத்துச் சுஹைரா எல்லாவற்றையும் சொன்னாள். ஜெட்டியின் விளிம்பில் இருந்து காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு பிள்ளை கறுத்த தண்ணீரைப் பார்த்தது.

"நானும் அந்த மண்டபம் வரவேணுமெண்டுதான் நினைச்சனான் அக்கா. அதாலதான் இன்னும் ஒரு கேள்வி கூடக் கேக்காம விட்டிட்டன் போல. எல்லாம் ஒரே அளவு மட்டியா இருக்கேக்கையே நான் யோசிச்சிருக்க வேணும்."

"உங்களுக்குப் பிரச்சின வருமா தங்கச்சி?"

"இல்லை. திரும்ப அளக்க வேணும், அவ்வளவுதான். நீங்கள் அரிதட்டுப் பிடிப்பீங்களோ?"

பிடித்தாள். வாசல் தடியை விட்டுவிட்டு, சற்றுத் தள்ளி யாரும் எதுவும் போடாத சேற்றில் அளந்தார்கள். கணக்குக் குறைந்தது. மண்டபம் இல்லை என்று ஆயிற்று. ஜெட்டியைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். படகு கழுவுகிற எண்ணெய்த் தண்ணீரும் ஐஸ் அறைக் கழிவும் சேற்றில் விழாமல் குழாயைத் திருப்ப வேண்டும் என்று லக்சாயினி எழுதிக் கொடுத்தாள். அந்த வேலையை ஸஜ்ஜாத்தும் கூட்டாளிகளும் முணுமுணுத்துக்கொண்டே செய்தார்கள்.

றஹ்மா சுஹைராவோடு கதைப்பதை நிறுத்தினாள். தண்ணீருக்குள்ளும் தள்ளியே நடந்தாள். எவளோ ஒருத்தி பெரிய சாலிஹான, பக்தியான பெண்ணாகப் பார்க்கிறாள், மற்ற பெண்களெல்லாம் வெயிலில் வேகட்டும் என்று காற்றோடு சொன்னாள். வெயில் உண்மையாகவே சுட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு, ஸஜ்ஜாத் பழைய தகரங்களோடு வந்தான். ராத்தாவின் வீட்டுப் பின்வளவில் நாலு கம்பு நட்டுக் கூரை போட்டான். பாதைப் பலகையைத் தூக்கி வந்து, முழங்கால் மடங்காமல் இருக்கத்தக்க உயரத்தில் இரண்டு கல் அடுக்கு மேல் வைத்தான். தானே அதில் உட்கார்ந்து பார்த்தான். பிறகு சுஹைராவைக் கூப்பிட்டு இருக்கச் சொன்னான். "உயரம் காணுமா?" என்றான். "காணும்" என்றாள். அன்று மாலை, வேலிக்கு மேலால் ஒரு பெரிய அலுமினியச் சட்டி வந்து இறங்கியது. றஹ்மாவின் சட்டி. சட்டி தருகிறேன், கதைப்பதாக யாரும் நினைக்க வேண்டாம் என்று அந்தப் பக்கத்தில் இருந்து குரலும் வந்தது.

இத்தா முடிந்த காலையில் கச்சான் ஓய்ந்திருந்தது. சித்தி பரீதா குளித்துத் தொழுதுவிட்டு, சுவரைப் பிடித்து, பிறகு வேலியைப் பிடித்து, பிறகு எதையும் பிடிக்காமல் வாசல் தண்ணீருக்கு நடந்து வந்தாள். ஒழுங்கைப் பெண்கள் தூரத்தில் பேசினும் கையுமாக நின்றார்கள். எல்லோரும் வேறெங்கோ பார்த்தார்கள். அவள் கணுக்கால் தண்ணீரில் நின்று பாதத்தால் துழாவினாள். காலடி எல்லாம் மட்டி. நன்றாகப் பருத்திருந்தன. குனிந்து குனிந்து பேசினை நிரப்பினாள். சுஹைரா உதவிக்குப் போனபோது வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

பேசினில் பாதியைச் சட்டிக்கு என்று ஒதுக்கி வைத்தாள். மறுபாதியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சுஹைராவின் போனைக் கேட்டு வாங்கினாள்.

"மகள், நான் இத்தா வீட்டுச் சித்தி பரீதா கதைக்கன். ஓம், இண்டைக்கு முடிஞ்சிட்டு, அல்ஹம்துலில்லாஹ். ஒரு விசயம். ஜெட்டியடியில கயிறு கட்டின இடத்துல, முதலாவது தடிக்கிட்ட, கொஞ்ச மட்டி போடலாமா? இப்ப அங்கால எண்ணத் தண்ணி வாறல்லயாம், தம்பி சொன்னான். போட்டா உசிர் தப்புமா?"

தப்புமோ தெரியாது, போட்டுப் பார்க்கலாம் அம்மா, என்றாள் லக்சாயினி.

"அப்ப எழுதிக்கங்க. நான் போட்டதெண்டு எழுதுங்க. இல்லாட்டி அடுத்த கச்சானுக்குக் கடல் குடுத்ததெண்டு நினைச்சிருவீங்க."

அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. எத்தனை என்று எண்ணிச் சொல்ல வேண்டுமாம். சித்தி பரீதா பேசினையும் தன் முழங்காலையும் பார்த்தாள். பிறகு, தூரத்தில் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்ற பெண்களைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"இனி என்னத்துக்கு ஒளிக்கிறீங்க? வாங்க கா, வந்து எண்ணுங்க. எனக்கு ஒரு கை தாங்க எண்டு நான் கேட்டனா? குடுத்தீங்க. இப்ப நான் குடுக்கன்."

முதலில் யாரும் அசையவில்லை. பிறகு றஹ்மா, இதற்கும் தன்னைத்தான் கூப்பிட வேண்டுமா என்று முறைத்தபடி, பேசினை இழுத்துக்கொண்டு தண்ணீரைக் கிழித்து வந்தாள். அவளுக்குப் பின்னால் கைக்குழந்தையோடு அசனா. மற்றவர்களும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முண்டியடித்தார்கள். சேறு வழுக்கியது. ஒருத்தி விழப்போய் இன்னொருத்தியின் தோளைப் பிடித்தாள்.

சித்தி பரீதா ஒரு மட்டியைக் கையில் எடுத்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, அவர்களுக்காகக் காத்து நின்றாள்.

"மெல்ல, மெல்ல" என்றாள். "கரை எங்கேயும் போகாது."